அத்தியாயம் 11: இன்டர்காம் – தேர்வும் வயரிங்கும்

ஒற்றை பிஸ்டன் எஞ்சின் விமானத்தின் காக்பிட்டில் இரைச்சல் 90 டெசிபெல்லைத் தாண்டும். தோளோடு தோள் உரச உட்கார்ந்திருப்பவர் உரக்கக் கத்தினாலும் பாதிதான் காதில் விழும். "இடப்பக்கம் ஒரு விமானம் வருகிறது" என்று உடன் வருபவர் சொன்னால், அது உடனே, முழுதாக, சந்தேகமில்லாமல் உங்கள் காதுக்கு வந்து சேர வேண்டும். இன்டர்காமின் முதல் வேலை அதுதான். ரேடியோவில் வரும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் குரல், ஈஃபிஸ் என்னும் மின்னணுப் பறப்புத் திரை எழுப்பும் எச்சரிக்கை ஒலி, பக்கத்து இருக்கைப் பேச்சு, பாட்டு எல்லாம் அந்தச் சிறு பெட்டியின் வழியாகத்தான் உங்கள் ஹெட்செட்டுக்கு வருகின்றன.

கட்டி முடித்த விமானத்தில் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு ரீங்காரம் கேட்டால், பலரும் முதலில் சந்தேகப்படுவது இன்டர்காமை. பெட்டியைக் கழற்றி உற்பத்தியாளருக்கு அனுப்புவார்கள். பழுதில்லை என்று திரும்பி வரும். கோளாறு பெரும்பாலும் வயரிங்கில் இருக்கிறது, அதிலும் கிரவுண்டில் இருக்கிறது. எந்தப் பெட்டியை வாங்கினாலும் சரி, அதன் ஒலிச் சுற்றுகள் அனைத்தும் ஒரே இடத்தில் மட்டும் கிரவுண்டைத் தொட வேண்டும். இந்த அத்தியாயத்தில் வரும் வயரிங் விதிகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்து பிறப்பவைதான்.

எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆர்வி-7 விமானத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு இருக்கைகள் பக்கம் பக்கமாக, முழுக்க அலுமினிய உடல், 12 வோல்ட் பேட்டரி. நீங்கள் கட்டுவது வேறு விமானமாக இருந்தால் எங்கே மாற்ற வேண்டும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

சொந்தமாகக் கட்டும் விமானம் அமெரிக்காவில் சோதனைப் பிரிவில் பதிவாகிறது. அந்தப் பிரிவில், சான்றிதழ் பெற்ற இன்டர்காமைத்தான் பொருத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, தேர்வு உங்களுடையது. அதனால் பொறுப்பும் உங்களுடையதே.

முதலில் ஹெட்செட்டைப் புரிந்துகொள்ளுங்கள்

இன்டர்காமின் வயரிங் படத்தைத் திறக்கும் முன் ஹெட்செட் பிளக்குகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். சிறு விமானங்களில் பரவலாக இருப்பது இரட்டைப் பிளக். பெரியது 6.35 மில்லிமீட்டர் விட்டம், அது காதொலிக்கு. சிறியது 5.23 மில்லிமீட்டர், அது மைக்குக்கு. அளவு வேறு வேறாக இருப்பதால் காதொலிப் பிளக் மைக் ஜாக்குக்குள் நுழையாது.

மைக் பிளக்கில் மூன்று தொடர்புகள் உண்டு. நுனி பிடிடி என்னும் பேசும் பட்டனுக்கு. நடு வளையம் மைக் ஒலிக்கு. அடிப்பகுதியான உறை திரும்பு பாதைக்கு. காதொலிப் பிளக் மோனோவாக இருந்தால் நுனியில் ஒலி, உறையில் திரும்பு பாதை. ஸ்டீரியோவாக இருந்தால் நுனி இடது காது, வளையம் வலது காது.

விமான மைக் தானாக வேலை செய்வதில்லை. அந்தக் காலத்துக் கார்பன் மைக்குகளுக்குப் பொருந்தும்படி வகுத்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது: ஒலி வரும் அதே வயரில் இன்டர்காமோ ரேடியோவோ சுமார் 8 முதல் 16 வோல்ட் வரை டிசி மின்னழுத்தம் தர வேண்டும். இன்றைய ஹெட்செட்டுக்குள் இருக்கும் சிறு பெருக்கி அதில்தான் இயங்குகிறது. மைக் வேலை செய்யவில்லை என்றால் ஜாக்கின் வளையத்துக்கும் உறைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து இந்த மின்னழுத்தம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் சோதனை.

அந்த வயரில் மின்னழுத்தம் இருக்கிறது என்றாலும் பேச்சின் அலை அதன்மேல் மிகச் சிறிய ஏற்ற இறக்கமாகத்தான் பயணம் செய்கிறது. இன்டர்காம் அதைப் பெருக்குகிறது. வழியில் நுழைந்த அந்நிய இரைச்சலையும் சேர்த்தே பெருக்குகிறது. மைக் வயரை மற்ற எல்லா வயரையும்விடக் கவனமாகக் கையாளச் சொல்வது இதனால்தான்.

இரைச்சலைக் குறைக்கும் ஹெட்செட்டுகளில் சில, பேட்டரி இல்லாமல் பேனலிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் ஆறு முள் லெமோ ஜாக்கைப் பயன்படுத்துகின்றன. இரைச்சலைக் குறைக்கும் ஹெட்செட்டின் வரலாற்றில் சோதனை விமானங்களுக்கும் இடமுண்டு. 1986 டிசம்பரில் எங்கும் இறங்காமல், நடுவில் எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானத்தில் டிக் ரூட்டனும் ஜீனா யேகரும் போஸ் நிறுவனத்தின் முன்மாதிரி ஹெட்செட்டுகளை வைத்திருந்தார்கள். 1989ல் அது விற்பனைக்கு வந்தது. லெமோ ஜாக் வேண்டுமானால் அதன் மின்வயர்களையும் இப்போதே திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பேனல் மூடிய பிறகு சேர்ப்பது பெரும் வேலை.

எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

விலைப்பட்டியலைப் புரட்டும் முன் கீழ்க்கண்ட கேள்விகளுக்கு ஒரு தாளில் பதில் எழுதுங்கள்.

1. எத்தனை இருக்கை? ஆர்வி-7க்கு இரண்டு போதும். ஆர்வி-10 நான்கு இருக்கை விமானம்; அதற்கு நான்கு பேருக்கான இன்டர்காம் வேண்டும்.

2. எத்தனை ரேடியோ? ஒரு ரேடியோ என்றால் தனி இன்டர்காமோ, ரேடியோவுக்குள்ளேயே இருக்கும் இன்டர்காமோ போதும். இரண்டு ரேடியோ என்றால் எதைக் கேட்பது, எதில் பேசுவது என்று மாற்றும் ஆடியோ பேனல் தேவை. அதில் பெரும்பாலும் இன்டர்காமும் சேர்ந்தே வரும்.

3. எத்தனை எச்சரிக்கை ஒலிகள்? ஈஃபிஸ், தாக்குகோண எச்சரிக்கை, தானியங்கி ஓட்டி, அருகில் வரும் விமானத்தைச் சொல்லும் கருவி என ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒலி வாயில் வேண்டும். இவை பயணியின் பேச்சாலோ பாட்டாலோ தணிந்துபோகாத வாயில்களாக இருக்க வேண்டும்.

4. மோனோவா, ஸ்டீரியோவா? பாட்டு முக்கியமில்லை என்றால் மோனோ போதும், வயரும் குறையும். இரண்டு ரேடியோக்களின் குரலைக் காதின் வேறு வேறு பக்கத்தில் ஒலிக்கச் செய்யும் வசதி வேண்டுமானால் ஸ்டீரியோ கட்டாயம்.

5. மின்சாரம் போனால் என்ன ஆகும்? இது எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. நல்ல இன்டர்காமில் மின்சாரம் நின்ற உடனே உள்ளே இருக்கும் ரிலே விமானியின் ஹெட்செட்டை நேரடியாக ரேடியோவோடு இணைத்துவிடும். பயணியோடு பேச முடியாது. ஆனால் கோபுரத்தோடு பேசலாம். இந்த ஏற்பாடு இல்லாத கருவியை வாங்காதீர்கள்.

6. மைக்கை எப்படித் திறக்கிறது? பேசும்போது மட்டும் மைக்கைத் திறந்து, பேசாதபோது மூடும் ஏற்பாட்டுக்கு வாக்ஸ் என்று பெயர். மலிவான கருவிகளில் எல்லா மைக்குக்கும் ஒரே கதவு: ஒருவர் பேசினால் எல்லோருடைய மைக்கும் திறக்கும். ஒரே அளவு இரைச்சல் உள்ள இரண்டு மைக் ஒன்றாகத் திறந்தால் இரைச்சல் 3 டெசிபெல் கூடும். நான்கு திறந்தால் 6 டெசிபெல். ஒவ்வொரு மைக்குக்கும் தனிக் கதவு இருந்தால் பேசுபவரின் மைக் மட்டும் திறக்கும். திறந்த காக்பிட் விமானத்துக்கும், பின் இருக்கையில் காற்றுச் சத்தம் கூடுதலாக இருக்கும் நெடுவரிசை விமானத்துக்கும் தனிக் கதவுதான் ஏற்றது.

7. விமானியைத் தனிமைப்படுத்தும் நிலை உண்டா? நெரிசலான விமான நிலையத்தில் இறங்கும்போது ரேடியோ மட்டும் உங்கள் காதில் ஒலிக்க, பயணிகள் தமக்குள் பேசிக்கொள்ள இந்த நிலை உதவும்.

சந்தையில் இருப்பவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். டென்னசி மாநிலத்தின் பிஎஸ் எஞ்சினியரிங் நிறுவனத்துத் தயாரிப்புகள் முதல் வகையான தனிப் பெட்டியில் பெயர் பெற்றவை: பிஎம்1000 II மோனோ, பிஎம்3000 ஸ்டீரியோ. ஒவ்வொரு மைக்கின் வாக்ஸையும் தானே சரிசெய்துகொள்ளும் இன்டெலிவாக்ஸ் என்ற முறையும் அவர்களுடையது. சிக்ட்ரானிக்ஸ் எஸ்பிஏ-400 நான்கு பேருக்கான எளிய மோனோ பெட்டி. இரண்டாவது வகை, ரேடியோவுக்குள் அடங்கியது: கார்மின் ஜிடிஆர் 200ல் இரண்டு பேருக்கான ஸ்டீரியோ இன்டர்காம் உள்ளேயே இருக்கிறது. மூன்றாவது ஆடியோ பேனல்: கார்மின் ஜிஎம்ஏ 245 அப்படிப்பட்டது. டைனான் ஸ்கைவியூ திரை வைப்பவர்களுக்கு அதே நிறுவனத்தின் இரண்டு பேர் ஸ்டீரியோ இன்டர்காமும் உண்டு.

இரண்டு இருக்கை, ஒரே ரேடியோ, பேனலில் இடம் குறைவு என்றால் ரேடியோவுக்குள் அடங்கியது சிக்கனம். இணைப்பு வயர்களும் குறைவு. ஆனால் அந்த ஒரு பெட்டி பழுதானால் ரேடியோவும் இன்டர்காமும் சேர்ந்தே போகும். அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் கையடக்க ரேடியோ ஒன்றையும், அதில் ஹெட்செட்டைச் செருகும் அடாப்டரையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும். இரவிலும் மேகத்திலும் பறக்க நினைப்பவர்கள் இரண்டாவது ரேடியோவும் ஆடியோ பேனலும் வைப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

கத்தரிக்கோல் எடுக்கும் முன் படம் வரையுங்கள்

உற்பத்தியாளரின் வயரிங் படம் எல்லா விமானத்துக்கும் பொதுவானது. அதைப் பார்த்து உங்கள் விமானத்துக்கென ஒரு படம் நீங்களே வரைய வேண்டும். ஒவ்வொரு வயருக்கும் ஓர் எண், எந்த முள்ளிலிருந்து எந்த முள்ளுக்கு, எத்தனை நீளம், வயரைச் சுற்றியுள்ள உலோகப் பின்னலான ஷீல்டு எங்கே முடிகிறது என்பவை அதில் இருக்கட்டும். ஆர்வி-7ல் தேவையான இணைப்புகள் இவை:

மின்சாரம்: ஏவியானிக்ஸ் பஸ்ஸிலிருந்து தனி ஃப்யூஸ் அல்லது பிரேக்கர் வழியாக ஒன்று, கிரவுண்டு ஒன்று. ஃப்யூஸின் அளவை உற்பத்தியாளர் கையேட்டிலிருந்து எடுங்கள்.

விமானி இருக்கை: மைக் ஒலி, பிடிடி, மைக் திரும்பு பாதை, காதொலி இடது, வலது, காதொலி திரும்பு பாதை.

பயணி இருக்கை: அதே ஆறு.

ரேடியோ: ரேடியோவிலிருந்து வரும் ஒலி, ரேடியோவுக்குப் போகும் மைக் ஒலி, ரேடியோவை அனுப்பு நிலைக்கு மாற்றும் பிடிடி, ஒலிக் கிரவுண்டு. ரேடியோவில் ஹெட்செட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் தனித்தனி வெளியீடு இருந்தால் ஹெட்செட் வெளியீட்டையே எடுங்கள். நீங்கள் ரேடியோவில் பேசும்போது உங்களுக்கே திரும்பக் கேட்கும் உங்கள் குரலும் ரேடியோவிலிருந்து பெரும்பாலும் இதே வயரில்தான் வருகிறது.

எச்சரிக்கை ஒலிகளும் பாட்டும்: ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஷீல்டு வயர். கருவிகள் மூன்று, வாயில் ஒன்றுதான் என்றால் மூன்று வயரையும் நேராக ஒன்றாக முறுக்கிவிடக் கூடாது. ஒரு கருவியின் வெளியீடு மற்றதை அமுக்கி ஒலியைக் குறைத்துவிடும். ஒவ்வொன்றிலும் தொடராக ஒரு மின்தடை வைத்து, அதன் பிறகே சேர்க்க வேண்டும். சில நூறு ஓம் வழக்கமான அளவு.

இணைப்பியின் முள் எண்களில் ஒரு பொறி உண்டு. டி வடிவ இணைப்பியை முன்னிருந்து பார்ப்பதும் வயர் செருகும் பின்புறத்திலிருந்து பார்ப்பதும் கண்ணாடி பிம்பம்போல் இடம் வலம் மாறியவை. கையேட்டின் படம் எந்தப் பக்கத்திலிருந்து வரைந்தது என்பதைப் படித்து, இணைப்பியின் பிளாஸ்டிக்கில் மிகச் சிறியதாகப் பொறித்திருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுவிட்டே முதல் முள்ளைச் செருகுங்கள்.

வயரும் கருவிகளும்

வீட்டு வயரோ கார் வயரோ வேண்டாம். டெஃப்செல் காப்பு கொண்ட விமான வயர் வாங்குங்கள். தீப்பிடித்தால் அவற்றின் பிவிசி காப்பு கக்கும் புகையை மூடிய காக்பிட்டில் சுவாசிக்க முடியாது. இன்டர்காமின் எல்லா இணைப்புக்கும் 22 கேஜ் போதும். மைக்குக்கு மூன்று கம்பி ஷீல்டு வயர்; ஸ்டீரியோ காதொலிக்கும் மூன்று கம்பி; மோனோவுக்கு இரண்டு கம்பி.

ஒரு கம்பியை மிச்சப்படுத்த ஷீல்டையே திரும்பு பாதையாகப் பயன்படுத்தும் படங்களும் உண்டு. உற்பத்தியாளர் அப்படித்தான் செய்யச் சொன்னால் செய்யுங்கள். தேர்வு உங்கள் கையில் இருந்தால், திரும்பு பாதைக்குத் தனிக் கம்பி கொடுத்து, ஷீல்டில் ஒலி மின்னோட்டம் ஓடாமல் விடுவதே மேல்.

இணைப்பிக்குக் கடைந்தெடுத்த முள்ளையே வாங்குங்கள். தகட்டை மடித்துச் செய்தது வேண்டாம். அதற்கேற்ற நான்கு பக்கம் அழுத்தும் கிரிம்ப் கருவியும் வேண்டும். கிரிம்ப் செய்த ஒவ்வொரு முள்ளையும் கையால் உறுதியாக இழுத்துப் பாருங்கள். கழன்று வருவது மேசையில் வரட்டும், வானத்தில் வேண்டாம். ஜாக்குகளில் மட்டும்தான் சால்டரிங் தேவை. சால்டர் செய்த இடத்தில் வயர் விறைத்துவிடும். அதிர்வில் அந்த விளிம்பில்தான் முறியும். வெப்பத்தில் சுருங்கும் குழாய் போட்டு, சற்றுத் தள்ளி வயரைக் கட்டி நிறுத்துங்கள்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ வெளியிட்ட ஏசி 43.13-1பி என்ற ஆவணத்தின் 11ஆம் அத்தியாயம் விமான மின்வேலைக்கானது. வயர் கட்டும் முறை, தாங்கும் கிளாம்ப், உரசாமல் காக்கும் வளையம் எல்லாம் அதில் இருக்கின்றன. பாப் நக்கோல்ஸ் எழுதிய ஏரோஎலக்ட்ரிக் கனெக்ஷன் என்ற நூல் கிரவுண்டு பற்றித் தெளிவாகச் சொல்லும். இரண்டும் பட்டறை மேசையில் இருக்க வேண்டியவை.

ஜாக்: இரைச்சல் நுழையும் வாசல்

ஜாக்கின் உலோகக் கழுத்துதான் அதன் உறைத் தொடர்பும். அலுமினியப் பேனலில் துளை போட்டு அப்படியே முடுக்கினால் ஜாக்கின் திரும்பு பாதை விமான உடலைத் தொட்டுவிடும். இன்டர்காமின் கிரவுண்டு வயர் வழியாகவும் அதே பாதை பேட்டரிக்குப் போகிறது. இப்போது கிரவுண்டுக்கு இரண்டு வழி. ஆல்டர்னேட்டர், விளக்கு, எரிபொருள் பம்பு ஆகியவற்றின் மின்னோட்டம் விமான உடல் வழியாகத் திரும்பும்போது உடலின் இரண்டு புள்ளிகளுக்கு இடையே சில மில்லிவோல்ட் வேறுபாடு உண்டாகிறது. இரண்டு இடத்தில் உடலைத் தொடும் ஒலிச் சுற்றுக்குள் அந்த வேறுபாடு புகுந்து, மைக் ஒலியோடு கலந்து, பெருகி, காதில் ரீங்காரமாக ஒலிக்கிறது. இதைத்தான் கிரவுண்டு வளையம் என்கிறோம்.

தடுப்பது எளிது. ஒவ்வொரு ஜாக்குக்கும் இரண்டு காப்பு வாஷர்கள் உண்டு: ஒன்று தட்டையானது, மற்றது தோள் வைத்தது. தோள் துளைக்குள் உட்கார்ந்து ஜாக்கின் கழுத்தை உலோகத்திலிருந்து விலக்கும். அதற்கேற்பத் துளை, கழுத்தைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். தோளின் விட்டத்தை அளந்துவிட்டுத் துளையிடுங்கள்.

வயர் எதுவும் இணைக்காத நிலையில், ஜாக்கின் உறைக்கும் விமான உடலுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். தொடர்பே இருக்கக் கூடாது. இந்தச் சோதனையை இப்போதே செய்துவிட வேண்டும். இன்டர்காமோடு இணைத்த பிறகு அதன் கிரவுண்டு வழியாக எப்படியும் தொடர்பு காட்டும், காப்பு சரியாக இருக்கிறதா என்று சொல்ல முடியாது. பிளக்கைச் செருகியும் ஒருமுறை பாருங்கள்; செருகிய நிலையில் ஜாக்கின் பின்பக்கத் தகடு விரிந்து பக்கத்து உலோகத்தைத் தொடுவது உண்டு.

லாங்-ஈஇசட் போன்ற கண்ணாடி இழை விமானங்களில் உடல் மின்சாரத்தைக் கடத்தாது. ஜாக் தானாகக் கிரவுண்டாகும் ஆபத்து இல்லை. ஆனால் ஆன்டெனா பெரும்பாலும் உடலுக்குள்ளேயே இருப்பதால் ரேடியோ அலை வயர்களில் புகுவது அங்கே தலையாய சிக்கல். ஜாக் வயர்களை ஆன்டெனாவிலிருந்து முடிந்தவரை தள்ளி வையுங்கள்.

ஸ்டீரியோ ஜாக்கில் மோனோ ஹெட்செட்டைச் செருகினால் வலது பக்க ஒலி உறையோடு ஷார்ட் ஆகும். விருந்தினர் கொண்டுவரும் பழைய ஹெட்செட்டுக்கு இது நடக்கும். உங்கள் இன்டர்காம் அதைத் தாங்குமா என்பதைக் கையேட்டில் பார்த்து, தாங்காது என்றால் ஜாக்கின் பக்கத்தில் "ஸ்டீரியோ மட்டும்" என்று எழுதி ஒட்டுங்கள்.

வயர்களை ஓட்டுதல்

மைக் வயரும் காதொலி வயரும் ஒரே ஷீல்டுக்குள் போகக் கூடாது. பெருக்கிய ஒலி காதொலி வயரில் ஓடுகிறது. அதில் சிறு துளி மைக்குக்குள் கசிந்தால் அது மீண்டும் பெருகிச் சுழன்று கூச்சலாகும். தனித்தனி ஷீல்டு வயர்களாக இருந்தால் ஒரே கட்டில் பக்கத்தில் பக்கத்தில் ஓடலாம்.

ஒவ்வொரு ஷீல்டையும் இன்டர்காம் முனையில் மட்டும் கிரவுண்டு செய்யுங்கள். ஜாக் முனையில் ஷீல்டை வெட்டி, மேலே குழாய் போட்டு மூடுங்கள். ரேடியோவுக்கும் ஈஃபிஸுக்கும் போகும் வயர்களிலும் இதே விதி: ஷீல்டு ஒரு முனையில் மட்டும்.

இன்டர்காம், ரேடியோ, ஈஃபிஸ் ஆகியவற்றின் கிரவுண்டு வயர்கள் பேனலின் பின்னால் ஒரே கிரவுண்டு பஸ்பாருக்கு வரட்டும். அங்கிருந்து தடிமனான ஒரு வயர் ஃபயர்வாலில் உள்ள முதன்மைக் கிரவுண்டுக்குப் போகட்டும். கருவியின் பக்கத்தில் இருக்கும் ரிவெட்டில் சௌகரியமாகக் கிரவுண்டு எடுக்கும் ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

மைக் வயரை ஆல்டர்னேட்டரின் தடித்த வயர், மேக்னெட்டோ வயர், மின்னும் விளக்கின் வயர், ஆன்டெனா கோஆக்ஸ் ஆகியவற்றிலிருந்து விலக்கி ஓட்டுங்கள். குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். இணைப்பியின் பின்னால் ஒரு கை நீளம் வயரைக் கூடுதலாக விட்டுக் கட்டுங்கள். பெட்டியைப் பேனலுக்கு வெளியே இழுத்துச் சோதிக்க அது உதவும்.

பிடிடி பட்டன்

ஆர்வி-7ல் இரண்டு கட்டுப்பாட்டுத் தண்டுகளிலும் பிடிடி பட்டன் வைப்பது வழக்கம். பட்டன் செய்யும் வேலை, பிடிடி வயரைக் கிரவுண்டோடு இணைப்பது மட்டுமே. இரண்டு பட்டனையும் தனித்தனி வயராக இன்டர்காமுக்குக் கொண்டுபோங்கள். யார் அழுத்தினாரோ அவருடைய மைக்கை மட்டும் ரேடியோவுக்கு அனுப்ப அது உதவும். இரண்டையும் ஒன்றாக முறுக்கி ரேடியோவுக்கு நேராக இழுத்தால் இந்தப் பிரிவினை போய்விடும்.

பயணியின் பிடிடி வயரில் ஒரு சிறு சுவிட்சைத் தொடராக வையுங்கள். குழந்தையோ முதல்முறை பறப்பவரோ உட்காரும்போது அதை அணைத்துவிடலாம். பட்டன் அழுந்தியே இருந்தால் அந்த அலைவரிசை முழுவதும் அடைபடும். அங்கே பேச முயலும் மற்ற விமானிகள் எல்லோரும் வாயடைத்துப் போவார்கள்.

தண்டுக்குள் போகும் வயர் ஒவ்வொரு அசைவிலும் வளைகிறது. மெல்லிய இழைகள் கொண்ட வயரைப் போட்டு, தண்டை நான்கு திசையிலும் கடைசி வரை தள்ளி, எங்கும் இழுபடவில்லை, எதிலும் சிக்கவில்லை என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். இந்தச் சோதனை ஒலிக்காக மட்டும் அல்ல. கட்டுப்பாட்டுத் தண்டில் சிக்கும் வயர் உயிருக்கே ஆபத்து.

மின்சாரம் கொடுக்கும் நாள்

இன்டர்காமைச் செருகாமல் முதலில் வயரிங்கை மட்டும் சோதியுங்கள். மின்சார முள்ளில் பேட்டரி மின்னழுத்தம் இருக்கிறதா, வேறு எந்த முள்ளிலாவது அது தவறிப்போய் வந்திருக்கிறதா, கிரவுண்டு முள் உண்மையில் கிரவுண்டா, பிடிடி அழுத்தினால் அந்தந்த முள் மட்டும் கிரவுண்டாகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிறகே பெட்டியைச் செருகுங்கள்.

அடுத்து, எஞ்சின் ஓடாமல் இரண்டு இருக்கையிலும் பேசிப் பாருங்கள். ரேடியோவில் கேளுங்கள், பேசுங்கள். பிறகு இன்டர்காமின் ஃப்யூஸை எடுத்துவிட்டு விமானி இருக்கையிலிருந்து மீண்டும் ரேடியோவில் பேசுங்கள். ஐந்தாவது கேள்வியில் சொன்ன பாதுகாப்பு உங்கள் வயரிங்கில் உண்மையாகவே வேலை செய்கிறது என்பதற்கு இது ஒன்றே சான்று.

எஞ்சின் ஓடும்போது வலது இருக்கையையும் தரையிலேயே முழுமையாகச் சோதித்துவிடுங்கள். அமெரிக்க விதிப்படி முதற்கட்டச் சோதனைப் பறப்பில் பயணிக்கு இடமில்லை. சான்றிதழ் பெற்ற எஞ்சினும் புரொப்பெல்லரும் சேர்ந்த இணைக்கு வழக்கமாக 25 மணி நேரம், மற்றவற்றுக்கு 40 மணி நேரம் அந்தக் கட்டம். துணை விமானி ஒருவரை அனுமதிக்கும் தனித் திட்டத்தில் நீங்கள் பறந்தால், அவரோடு பேசுவது முதல் நாளே தேவைப்படும்.

வாக்ஸைக் கையால் திருகும் கருவியாக இருந்தால் அதைப் பறக்கும் வேகத்தில்தான் இறுதியாகச் சரிசெய்ய வேண்டும். எஞ்சின் இரைச்சல் காதில் கேட்பது நிற்கும் இடம் வரை மெல்லத் திருகி, அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் பேச்சின் முதல் அசை விழுங்கப்படும். மைக்கை உதட்டுக்கு மிக அருகே, தொட்டும் தொடாமலும் வையுங்கள். மைக் ஒரு விரல் தள்ளியிருந்தால் எந்த வாக்ஸும் சரிவர வேலை செய்யாது.

இரைச்சல் வந்தால்

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ரீங்காரம்: தரையில் எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டரை அணையுங்கள். ரீங்காரம் நின்றால் அதன் மூலம் ஆல்டர்னேட்டர். வரும் வழியைக் கண்டுபிடிக்க, இன்டர்காமைத் தனியாக ஒரு சிறு 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டுங்கள். நின்றால் மின்சார வயர் வழியாக வருகிறது. நிற்காவிட்டால் கிரவுண்டு வளையம் அல்லது ஏதோ ஓர் ஒலி வயர். அப்போது ரேடியோ, ஈஃபிஸ், பாட்டு வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கேளுங்கள்.

பாட்டுக் கருவியை யுஎஸ்பி சார்ஜரில் செருகியதும் வரும் சத்தம்: ஃபோன் ஒரே நேரத்தில் சார்ஜர் வழியாகவும் ஒலி வயர் வழியாகவும் கிரவுண்டைத் தொடுகிறது. ஒலி வயரில் ஒன்றுக்கு ஒன்று விகிதமுள்ள ஒரு சிறு ஆடியோ டிரான்ஸ்ஃபார்மரை வைத்தால் அந்த வளையம் அறுபடும்.

அனுப்பும்போது மட்டும் வரும் கூச்சல்: ரேடியோ அலை மைக் வயருக்குள் புகுகிறது. ஆன்டெனாவைக் கழற்றி, அதன் இடத்தில், அலையை வெளியே விடாமல் விழுங்கும் டம்மி லோடு வைத்து அனுப்பிப் பாருங்கள். கூச்சல் நின்றால் காரணம் ஆன்டெனாவிலிருந்து வரும் அலை. ஆன்டெனாவின் அடிப்பகுதிக் கிரவுண்டையும் கோஆக்ஸ் இணைப்புகளையும் முதலில் சரிசெய்யுங்கள். மைக் வயரில் ஃபெரைட் வளையம் போடுவது அதற்குப் பிறகுதான்.

விளக்கு மின்னும் தாளத்தில் டிக் டிக் ஒலி: விளக்கின் மின்வழங்கியின் கிரவுண்டையும், அதன் வயர் எந்த வழியாகப் போகிறது என்பதையும் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்; ஒவ்வொரு மாற்றத்தையும் அதன் விளைவையும் எழுதி வையுங்கள். ஃபில்டரை வாங்கிப் பொருத்துவது கடைசி வழி. இரைச்சல் எந்த வழியில் வருகிறது என்று தெரியாமல் போடும் ஃபில்டர், பேனலில் எடையைத்தான் கூட்டும்.

வேலை முடிந்ததும், நீங்கள் வரைந்த படத்தில் வழியில் செய்த மாற்றங்களைச் சேர்த்து, சுத்தமாக மீண்டும் வரையுங்கள். வயர் எண்களும் வயரில் ஒட்டிய எண்களும் பொருந்துகின்றனவா என்று ஒப்பிடுங்கள். ஒரு பிரதி விமானத்தின் பதிவேடுகளோடு, இன்னொன்று வீட்டில். சில ஆண்டுகளில் புதிய ரேடியோ வாங்குவீர்கள். அல்லது இந்த விமானம் வேறொருவர் கைக்குப் போகும். பேனலைத் திறப்பவர் யாராக இருந்தாலும், எந்த வயர் எங்கே போகிறது, ஷீல்டு எங்கே முடிகிறது, கிரவுண்டு எந்த ஓர் இடத்தில் இருக்கிறது என்பதை அந்தப் படமே அவருக்குச் சொல்லிவிடும். இருந்த ஒழுங்கைக் குலைக்காமல் புதியதைச் சேர்ப்பார். படம் இல்லாத வயரிங், எவ்வளவு நன்றாக ஒலித்தாலும், பாதி முடிந்த வேலைதான்.